வேண்டுதலும் அன்பும்: ஸ்பானிய அன்புச் சொற்களைத் தமிழாக்குவதில் ஆம்பூர் வழக்கு காட்டும் வழி

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பானிய மொழியில் அன்பைச் சொல்லும் வினைகளுள் 'கெரேர்', 'அமார்' என்னும் இரண்டும் முதன்மையானவை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒரே வினையால் பெயர்க்கின்றனர். ஸ்பானியக் கவிதைகள் தமிழுக்கு மிகுதியும் ஆங்கிலத்தின் வழியே வந்தமையால் இவ்வேறுபாடு தமிழ் வாசகருக்குப் புலப்படாமல் போயிற்று. 'வேண்டும்' என்னும் பொருளிலிருந்து அன்புப் பொருளுக்கு நகர்ந்த வினை 'கெரேர்'. தமிழின் 'வேண்டு' என்னும் வினையிலும் அத்தகைய நகர்வு நிகழ்ந்துள்ளது. தமிழும் உருதும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் ஆம்பூர்ப் பகுதியின் பேச்சு அதனை இன்றும் தெளிவாகக் காட்டுகிறது. இவ்வழக்கினை அடிப்படையாகக் கொண்டு, விவிலிய மொழிபெயர்ப்புகளையும் பாப்லோ நெரூதாவின் படைப்புகளையும் சான்றாக வைத்து, ஸ்பானிய அன்புச் சொற்களுக்குத் தமிழில் சொல் தேர்வதற்கான நெறிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கெரேர், அமார், வேண்டு, வேண்டப்பட்டவர், ஆம்பூர், தக்கனி உருது, நெரூதா, மொழிபெயர்ப்புத் திறனாய்வு

முன்னுரை

நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542ஆம் ஆண்டு கோவாவை வந்தடைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றத் தொடங்கினார். இருமொழி அறிந்தோர் துணையுடன் கிறித்தவச் செபங்களைத் தமிழாக்குவித்தார். 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு அவர் போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய கடிதம் ஒன்றில், அம்மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு பிழையைத் திருத்தச் சொல்கிறார். விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்று வழங்கி வந்த இடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வழங்குமாறு பணிக்கிறார். 'வேணும்' என்பது 'கேரோ', அதாவது 'எனக்கு வேண்டும்' என்று பொருள்படும், 'நம்புகிறேன்' என்று பொருள்படாது என்பது அவர் கூறும் காரணம்.

சமயக் கோட்பாட்டின் அளவில் சேவியரின் திருத்தம் சரியானது. ஆயினும், அவர் எடுத்துக்காட்டிய 'கேரோ' என்னும் சொல் ஐபீரிய மொழிகளில் வெறும் வேண்டுதலை மட்டும் குறிப்பதன்று. ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் அஃது அன்பையும் குறிக்கும். அவ்வாறே, அவர் நீக்கிய 'வேணும்' என்னும் தமிழ்ச் சொல்லும் வெறும் தேவையை மட்டும் குறிப்பதன்று. இரு மொழிகளின் இவ்விரு வினைகளும் ஒரு கடிதத்தில் நேர்நேராகச் சந்தித்தன. ஆனால் அவற்றின் பொருட்பரப்பில் ஒரு பாதி மட்டுமே அன்று கருத்தில் கொள்ளப்பட்டது. விடுபட்ட மறுபாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஸ்பானியக் காதல் சொல்லாகிய 'தே கியேரோ' என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது எளிய வினாவாகத் தோன்றலாம். 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று எழுதிவிட்டு மேற்செல்வதே பொதுவான நடைமுறை. ஆனால் தாய் தன் மகனிடத்தும், பேரன் தன் பாட்டியிடத்தும், தோழி தன் தோழியிடத்தும் இதே தொடரைக் கூறுவர். அவ்விடங்களில் 'காதலிக்கிறேன்' என்பது நகைப்பிற்கிடமாகும்; 'நேசிக்கிறேன்' என்பது மொழிபெயர்ப்பு வாடை வீசும்; 'அன்பு செலுத்துகிறேன்' என்பது சொற்பொழிவாகிவிடும். சொல் கிடைக்காமையே இங்குச் சிக்கல். அச்சொல் தமிழில் இல்லாமையால் அன்று, தேடவேண்டிய இடத்தில் தேடாமையாலேயே அது கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. 'கெரேர்' வினையின் பொருட்பரப்பு

'கெரேர்' என்பது இலத்தீன் மொழியின் 'குவைரேரே' என்னும் வினையிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் தேடுதல், கேட்டல் என்பனவாகும். ஸ்பானியத்தில் அது வேண்டுதல் என்னும் பொருளைப் பெற்று, அங்கிருந்து அன்பு கொள்ளுதல் என்னும் பொருளுக்கு விரிந்தது. 'கியேரோ அகுவா' என்றால் 'எனக்குத் தண்ணீர் வேண்டும்'. 'தே கியேரோ' என்றால் 'உன்மேல் எனக்கு அன்பு உண்டு'. பின்னதில் உடல் வேட்கைப் பொருள் முதன்மையாக இல்லை. அதனைச் சொல்ல 'தே தெசேயோ' என்னும் வேறு தொடர் உண்டு. 'நீ எனக்குத் தேவை' என்பதற்கும் 'தே நெசெசீத்தோ' என்னும் தனித்தொடர் உண்டு.

'அமார்' என்னும் வினை இலத்தீனிலிருந்து தன் பொருள் மாறாமல் வந்தது. அஃது ஆழ்ந்த, முழுமையான அன்பைக் குறிக்கும். ஸ்பெயினின் அன்றாடப் பேச்சில் 'தே ஆமோ' அருகியே வழங்கும். சற்று இலக்கியத்தன்மையும் கனமும் உடையதாகக் கருதப்படும். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் காதலரும் கணவன் மனைவியரும் அதனைப் பேச்சிலும் வழங்குகின்றனர். எனவே இவ்விரு வினைகளையும் 'குறைந்த அன்பு', 'மிகுந்த அன்பு' என்று படிநிலைப்படுத்துவது பொருந்தாது. 'கெரேர்' நெருக்கத்தின் சொல். 'அமார்' முழுமையின் சொல். ஒருவர் எவ்வளவு அன்புடையவர் என்பதைக் காட்டிலும், எந்நிலையில் நின்று பேசுகிறார் என்பதையே இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

இத்தகைய நகர்வு ஸ்பானியத்திற்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய மொழியிலும் குடும்பத்தாரிடத்தும் நண்பரிடத்தும் கொள்ளும் அன்பை, 'வேண்டு' எனப் பொருள்படும் வினையைக் கொண்டே சொல்வர். காதலுக்குரிய 'அமாரே' வினை தனியே நிற்கும். ஆங்கிலத்தில் இப்பகுப்பு இல்லை. ஆதலின் ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்ட தமிழாக்கம், தனக்குத் தெரியாமலேயே இரு சொற்களை ஒன்றாக்கிவிடுகிறது.

2. தமிழில் 'வேண்டு'

தமிழ் அன்புச் சொற்களில் வளம் குன்றிய மொழியன்று. திருக்குறள் அன்புடைமையை 8ஆம் அதிகாரத்திலும், அருளுடைமையை 25ஆம் அதிகாரத்திலும், நட்பை 79ஆம் அதிகாரத்திலும் வைத்து, காமத்திற்கென 25 அதிகாரங்கள் கொண்ட தனிப்பாலையே ஒதுக்குகிறது. பாசம், பிரியம், நேசம், பரிவு, பற்று, கேண்மை, ஆசை எனச் சொற்கள் விரிகின்றன. சில சொற்களின் பரப்பு காலப்போக்கில் சுருங்கியும் உள்ளது. 'காதலன்' என்னும் சொல் கணவனை மட்டுமன்றி மகனையும் தோழனையும் குறித்ததைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பதிவு செய்கிறது. இன்று அச்சொல் ஆண்பெண் காதலுக்கு மட்டுமே உரியதாயிற்று. பழைய பரப்பு நிலைத்திருந்தால் 'தே கியேரோ' என்பதைத் தாயின் வாயிலும் 'காதல்' என்றே சொல்லியிருக்கலாம்.

இப்பட்டியலில் 'வேண்டு' என்னும் சொல்லை எவரும் சேர்ப்பதில்லை. ஆனால் அதன் வழக்குகளைத் தொகுத்து நோக்கினால் வேறொரு தோற்றம் கிடைக்கிறது. குறளின் கடவுள் வாழ்த்தில், 4ஆம் குறளில் 'வேண்டுதல்', 'வேண்டாமை' என்னும் இணை இடம்பெறுகிறது. பரிமேலழகர் அதனை விழைதலும் வெறுத்தலும் எனக் கொள்கிறார். அதாவது, அங்கு 'வேண்டாமை' என்பது தேவையின்மை அன்று, வெறுப்பு. எதிர்ச்சொல் வெறுப்பாயின், 'வேண்டுதல்' என்பது விருப்பமும் பற்றும் ஆதல் தெளிவு.

இன்றைய வழக்கிலும் 'அவர் எங்களுக்கு வேண்டியவர்', 'வேண்டப்பட்டவர்' என்றால் அவர் நெருக்கமானவர் என்பதே பொருள். அவரிடம் ஏதோ தேவை இருக்கிறது என்பது பொருளன்று. 'வேண்டாதவர்' பகைவர். ஸ்பானியத்தில் 'கெரேர்' வினையின் இறந்தகாலப் பெயரெச்ச வடிவமாகிய 'கெரிதோ' என்பதற்கு 'அன்பிற்குரிய' என்று பொருள். 'வேண்டப்பட்டவர்' என்னும் தமிழ்ச் சொல் வடிவத்தாலும் பொருளாலும் அதனை ஒத்து நிற்கிறது. இரு வினைகளின் ஒப்புமை இத்துடன் நிற்கவில்லை. அறியாமல் செய்த பிழைக்கு ஸ்பானியர் 'சின் கெரேர்' என்பர். சொல்லுக்குச் சொல் 'வேண்டாமல்' என்பது அதன் பொருள். அறிந்து செய்ததைத் தமிழர் 'வேண்டுமென்றே செய்தான்' என்கின்றனர். இலத்தீன் மூலத்தில் உள்ள கேட்டல் என்னும் பொருளும் தமிழில் 'வேண்டுதல்', 'வேண்டுகோள்' என்பனவற்றில் நிலைபெற்றுள்ளது. தொடர்பற்ற இரு மொழிக் குடும்பங்களில், கேட்டல், விரும்புதல், மனமறிந்து செய்தல், அன்பு கொள்ளுதல் ஆகிய நான்கும் ஒரே வினையில் திரண்டு நிற்பது கருதத்தக்கது.

3. ஆம்பூர் வழக்கு

பாலாற்றங்கரையில், 2019இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆம்பூர், தோல் பதனிடுதலுக்கும் காலணி ஏற்றுமதிக்கும் பெயர்பெற்றது. இவ்வாய்விற்கு அது பொருந்துவதற்கு அதன் மும்மொழிச் சூழலே முதற்காரணம். தமிழோடு, முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுமொழியாகிய தக்கனி உருதும், ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதியாதலின் தெலுங்கும் இங்கு வழங்குகின்றன.

செந்தர உருதுவில் 'சாஹ்னா' என்னும் வினை 'வேண்டு' என்றும் 'அன்பு கொள்' என்றும் இருபொருள்படும். அதன் பெயர்வடிவமாகிய 'சாஹத்' விருப்பத்தையும் காதலையும் குறிக்கும். இவ்வகையில் அஃது ஸ்பானியக் 'கெரேர்' வினையின் நேரிணை. ஆனால் தக்கனிப் பேச்சில் பொருள் வேண்டும்போது 'மேரேகூ ஹோனா' என்பர். 'எனக்கு வேணும்' என்னும் திராவிடத் தொடரமைப்பை ஒத்த வழக்கு இது. ஆகவே தக்கனி பேசுவோர் கடையில் தேநீர் கேட்க 'ஹோனா' என்கின்றனர்; அவர்கள் கேட்கும் உருதுப் பாடல்களில் காதலுக்குச் 'சாஹ்னா' வருகிறது. ஸ்பானியம் ஒரே வினையில் வைத்திருக்கும் இரு பொருள்களை இவர்களது மொழி இரண்டு வினைகளில் பகிர்ந்து வைத்துள்ளது.

தெலுங்கிலோ 'காவாலி' என்றால் வேண்டும். 'காவலசினவாள்ளு' என்றால் 'வேண்டியவர்கள்', அதாவது நெருங்கிய உறவினரும் அன்பருமாவர். தமிழ் வழக்கும் தெலுங்கு வழக்கும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றுள்ளன. ஒரே தெருவில் ஒருவர் 'வேண்டியவங்க' என்றும், மற்றொருவர் 'காவலசினவாள்ளு' என்றும், இன்னொருவர் 'சாஹத்' என்றும் சொல்லும்போது, மூவரும் வேண்டுதலின் வழியேதான் அன்பைச் சொல்கின்றனர். 'தே கியேரோ' என்பதன் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ள இத்தெருவில் வாழ்பவருக்கு ஆங்கிலத்தின் துணை வேண்டியதில்லை.

ஆம்பூருக்கும் ஸ்பானிய மொழிக்கும் வணிகவழித் தொடர்புக்கும் இடமுண்டு. இந்தியத் தோல் பொருள்களை வாங்கும் நாடுகளுள் ஸ்பெயினும் ஒன்று. அலிகாந்தே மாகாணத்தின் எல்ச்சே, எல்தா ஆகிய நகரங்கள் ஆம்பூரைப் போன்றே காலணித் தொழிலால் அறியப்படுபவை. வணிகக் கடிதத்தின் முதற்சொல்லே அன்புச் சொல் தேர்வின் சிறந்த பயிற்சிக்களமாகும். ஆங்கிலக் கடிதத்தின் விளிச்சொல் வணிகருக்கும் மனைவிக்கும் பொதுவானது. அதனை அப்படியே ஸ்பானியமாக்கி முன்பின் அறியாத கொள்முதல் மேலாளருக்குக் 'கெரிதோ' என்று எழுதினால், அது தகுதிக்கு மீறிய நெருக்கமாகும். அவ்விடத்திற்குரிய சொல் 'எஸ்திமாதோ'. 'மதிப்பிற்குரிய' என்பது அதன் பொருள். தமிழில் 'அன்புள்ள ஐயா' என்று முகமறியாதவருக்கும் எழுதலாம். 'அன்பு' அத்துணைப் பொதுமை உடையது. எனவே தமிழ் 'அன்புள்ள' என்பதற்கு ஸ்பானியத்தில் ஓரிடத்தில் 'எஸ்திமாதோ' என்றும், பிறிதோரிடத்தில் 'கெரிதோ' என்றும் சொல் மாறும். சொல்லை அன்று, உறவைப் பெயர்க்க வேண்டும் என்னும் நெறி ஒரு வணிகக் கடிதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

4. வேற்றுமை உருபும் அன்பும்

சொற்களோடு தொடரமைப்பையும் நோக்குதல் வேண்டும். ஸ்பானியத்தில் ஒருவர்பால் கொண்ட ஈர்ப்பை 'மே குஸ்தாஸ்' என்பர். இதில் விருப்பம் கொள்பவர் எழுவாயாக வருவதில்லை; நான்காம் வேற்றுமைக்கு இணையான வடிவில் வருகிறார். தமிழின் 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் அவ்வாறே. விருப்பம் நான் செய்யும் செயலன்று, எனக்கு நேர்வது என்னும் பார்வை இரு மொழிகளுக்கும் பொது. ஆங்கிலத்தில் இது 'நான் விரும்புகிறேன்' என எழுவாய்த் தொடராக மாறுகிறது. ஆங்கிலவழி வரும் தமிழாக்கத்தில் 'நான் உன்னை விரும்புகிறேன்' என்னும் விறைப்பான தொடர் புகுவதற்குக் காரணம் இதுவே. மூலத்திலிருந்து நேரே வருபவருக்கு 'எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது' என்பது இயல்பாக அமையும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஒருவரை நல்லவர், பழகத்தக்கவர் என்று சொல்ல ஸ்பானியர் 'மே காயே பியென்' என்னும் வேறு தொடரைக் கையாள்வர். 'மே குஸ்தா' என்று மனிதரைச் சுட்டினால் ஈர்ப்புப் பொருள் தோன்றும். தமிழில் இவ்வேறுபாட்டை வினையின் வடிவமே ஓரளவு தாங்குகிறது. 'அவரை எனக்குப் பிடிக்கும்' என்பது பொதுவான நல்லெண்ணம். பெண் பார்த்து வந்தபின் கேட்கப்படும் 'பிடிச்சிருக்கா' என்னும் வினா முற்றிலும் வேறு.

மற்றொன்று இரண்டாம் வேற்றுமை பற்றியது. ஸ்பானியத்தில் குறிப்பிட்ட மனிதர் செயப்படுபொருளாகும்போது அப்பெயருக்கு முன் 'ஆ' என்னும் இடைச்சொல் வரும், பொருள்களுக்கு வாராது. 'கியேரோ உன் மேதிகோ' என்றால் 'எனக்கு ஒரு மருத்துவர் வேண்டும்'. 'கியேரோ ஆ உன் மேதிகோ' என்றால் 'ஒரு மருத்துவர்மேல் எனக்கு அன்பு'. ஓரெழுத்து இடைச்சொல்லே தேவையையும் அன்பையும் பிரிக்கிறது. தமிழிலும் அஃறிணைப் பெயரில் ஐயுருபு தொக்கு நிற்கலாம். உயர்திணைப் பெயரில் அது மறையாது வரும் என்பது தொல்காப்பியத் தொகைமரபு சுட்டும் செய்தி. 'மரம் வெட்டினான்' என்னலாம். 'நண்பன் கண்டான்' என்று நண்பனைச் செயப்படுபொருளாக்க இயலாது. மனிதரைப் பொருளினின்று வேறுபடுத்தும் அடையாளம் இரு மொழிகளின் இலக்கணத்திலும் உள்ளது.

5. விவிலிய மொழிபெயர்ப்புத் தரும் சான்று

ஆம்பூரில் லூத்தரன் மிஷன் வழிவந்த பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. இப்பகுதிச் சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் தமிழ் விவிலியமும், ஸ்பானியச் சீர்திருத்தச் சபைகளின் விவிலியமும் ஒரே சிக்கலை வெவ்வேறு வகையில் தீர்த்துள்ளன.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 13ஆம் அதிகாரத்தில், ரெய்னா-வலேரா ஸ்பானியப் பதிப்பு 1909 வரை 'கரிதாத்' என்னும் சொல்லை வைத்திருந்தது. இலத்தீன் வழிவந்த இச்சொல் மக்கள் வழக்கில் ஈகை, தருமம் என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. எனவே 1960ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 'அமோர்' என்றாயிற்று. தமிழ் மொழிபெயர்ப்பிலோ அவ்விடத்தில் 'அன்பு' உள்ளது. அதனை மாற்றும் தேவை எழவில்லை. ஈகையாகவும் சுருங்காமல், காமமாகவும் குறுகாமல் 'அன்பு' தன் பொதுமையைக் காத்துக்கொண்டமையே காரணம் எனலாம்.

யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவை மும்முறை வினவும் பகுதி இன்னும் நுட்பமானது. கிரேக்க மூலத்தில் இரு வினைகள் மாறி மாறி வருகின்றன. ரெய்னா-வலேரா 1960 பதிப்பு 'அமார்' என்னும் ஒரே வினையால் அனைத்தையும் பெயர்த்தது. பின்னர் வந்த புதிய சர்வதேசப் பதிப்போ முதலிரு வினாக்களில் 'அமார்', பேதுருவின் விடைகளில் 'கெரேர்', மூன்றாம் வினாவிலும் 'கெரேர்' எனப் பிரித்தது. தமிழ் விவிலியம் இதனை முன்பே செய்துள்ளது. முதலிரு வினாக்களில் 'அன்பாயிரு', விடைகளிலும் மூன்றாம் வினாவிலும் 'நேசி' என அது பகுக்கிறது.

இங்கு 'நேசி' என்னும் வினை 'கெரேர்' நிற்கும் இடத்தில் நிற்பது கவனத்திற்குரியது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் 'நேசி' என்பதை உயர்ந்த, கனமான அன்பிற்குரிய சொல்லாகக் கருதுகின்றனர். விவிலியத் தமிழோ அதனை நண்பனின் நெருக்கத்திற்குரிய சொல்லாக வைத்தது. ஆகவே ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரு ஸ்பானியச் சொல் என நிலையான இணைப்பட்டியல் வகுத்தல் இயலாது. ஒரு பனுவலுக்குள் வேறுபாட்டைக் காத்தலே இன்றியமையாதது; எந்தச் சொல்லால் காப்பது என்பது அடுத்த நிலை.

6. நெரூதாவின் கவிதைகளில் இரு வினைகள்

இந்நெறியைக் கொண்டு, தமிழ் வாசகர் நன்கறிந்த ஸ்பானியக் கவிஞராகிய பாப்லோ நெரூதாவை நோக்கலாம். 1924இல், தம் 19ஆம் வயதில் அவர் வெளியிட்ட 'இருபது காதல் கவிதைகளும் ஒரு நிராசைப் பாடலும்' தொகுப்பின் 20ஆம் கவிதையில், பிரிந்த பெண்ணைப் பற்றிய வினை எங்கும் 'கெரேர்' என்றே வருகிறது. 'அமார்' ஒரே ஒருமுறை, அவளுடைய கண்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் மட்டும் வருகிறது. அவளோடு இருந்தது அன்றாட நெருக்கம். கண்களின்மீது இருந்தது வியப்பு கலந்த காதல். டபிள்யூ. எஸ். மெர்வினின் 1969ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே வினையாகிவிட்டன. அதனைப் பின்பற்றும் தமிழாக்கம் எல்லா இடத்தும் 'காதலித்தேன்' என்றெழுதினால், கவிதையின் நடுவே கண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒற்றைச் சொல் காணாமற்போகிறது. 'அவள்மேல் பிரியம் வைத்திருந்தேன்' என்று பொதுவாகவும், கண்களுக்கு மட்டும் 'காதல்' என்றும் பகுத்தால் அவ்வமைப்பு மீளும்.

மத்தில்தே உருத்தியாவுக்கு உரிமையாக்கப்பட்ட 'நூறு காதல் சானெட்டுகள்' (1959) இதனினும் தெளிவான சான்று. அதன் 17, 44ஆம் சானெட்டுகள் 'அமார்' வினையின்மேல் கட்டப்பட்டவை. 66ஆம் சானெட்டு 'கெரேர்' வினையின்மேல் கட்டப்பட்டது. 44, 66 ஆகிய இரண்டுமே அன்புண்மையையும் அன்பின்மையையும் முரணாக வைத்துத் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் படிப்பவருக்குக் கவிஞர் ஒரே உத்தியை இருமுறை கையாண்டார் என்றே தோன்றும். மூலத்தில் அவ்வாறன்று. 44ஆம் சானெட்டு வாழ்வு, சொல் ஆகிய அனைத்திற்கும் இருபுறம் உண்டு என்னும் அமைதியான சிந்தனை. 66ஆம் சானெட்டு காத்திருத்தல், வெறுத்தல், வெறுத்துக்கொண்டே இரத்தல் எனத் தத்தளிக்கும் மனநிலை.

இங்குத்தான் 'வேண்டு' தன் ஆற்றலைக் காட்டும். 66ஆம் சானெட்டின் முரண், குறள் குறிப்பிடும் வேண்டுதல், வேண்டாமை என்னும் இணைதான். விருப்பும் வெறுப்பும் இரத்தலும் ஒரே வினையடியில் அமையும் வாய்ப்பு தமிழுக்கு உள்ளது. 'காதலிக்கிறேன், காதலிக்கவில்லை' என்னும் தொடர் ஒரு தகவலை மறுக்கிறது. 'வேண்டும், வேண்டாம்' என்னும் தொடர் ஒரு மனத்தையே கிழிக்கிறது. ஆயினும் ஒரு தடை உண்டு. 'உன்னை வேண்டுகிறேன்' என்னும் முற்றுவினை இன்றைய எழுத்துத் தமிழில் மன்றாடுதலை மட்டுமே குறிக்கும். அரசியலில் 'அமைச்சருக்கு வேண்டப்பட்டவர்' என்பதில் சலுகைப் பொருளும் ஏறியுள்ளது. ஆதலின் வேண்டுதலை 'நீ எனக்கு வேண்டும்', 'வேண்டியவள்', 'வேண்டாதவள்' என நான்காம் வேற்றுமைத் தொடராகவும் வினையாலணையும் பெயராகவும் கையாளுதலே ஏற்புடையது. ஆம்பூர்ப் பேச்சு வழக்கும் அவ்வழியையே காட்டுகிறது.

7. வேண்டுதலின் மறுபக்கம்

வேண்டுதலை அன்பாகக் கொள்ளும்போது ஒரு வினா எழுதல் இயல்பு: எதிரில் உள்ளவர் வேண்டாமென்றால் அவ்வேண்டுதல் அன்பாகுமா? இதற்கும் நெரூதாவே சான்றாகிறார். 1929இல் கொழும்பில் சிலி நாட்டுத் துணைத்தூதராகப் பணியேற்ற அவர், தம் மறைவுக்குப் பின் 1974இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில், தம் வீட்டின் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண்ணொருவரைக் கைப்பற்றி வன்புணர்ந்ததைத் தாமே எழுதியுள்ளார். அப்பெண் எவ்வித எதிர்வினையுமின்றிச் சிலைபோல் இருந்ததையும், அவர் தம்மை இகழ்ந்தது தகும் என்பதையும் குறிப்பிடுகிறார். 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்திற்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் முன்மொழிவை எதிர்த்த சிலிப் பெண்ணுரிமையாளர் சுட்டிக்காட்டியது இப்பகுதியையே.

அப்பகுதியில் கவிஞர் 'கெரேர்' என்றோ 'அமார்' என்றோ எழுதவில்லை. இரு மொழிகளின் இலக்கணமும் மனிதரைப் பொருளினின்று வேறுபடுத்த வைத்துள்ள அடையாளம் அங்குச் செயலில் அழிக்கப்பட்டது. தம்மிருவருக்கும் பொதுவான மொழி இல்லை என்று கவிஞர் குறிப்பிடுகிறார். அப்பெண்ணின் மொழியில் 'வேண்டாம்' என்னும் சொல் இருந்தது. அதனைக் கேட்கும் நிலையில் எதிரில் இருந்தவர் இல்லை. இப்பகுதியைத் தமிழாக்குபவர் 'காதல்', 'கூடல்', 'இன்பம்' முதலிய அகமரபுச் சொற்களுள் ஒன்றையேனும் உள்ளே விட்டால், அது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று. நடந்ததை மறைத்தலும் ஆகும். அன்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, அதனை வழங்கக்கூடாத இடத்தை அறிவதையும் உள்ளடக்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன. ஸ்பானிய 'கெரேர்', 'அமார்' வினைகளின் வேறுபாடு அன்பின் அளவைப் பற்றியதன்று. பேசுவோரின் உறவுநிலையைப் பற்றியது. 'கெரேர்' வினைக்கு நிகரான பொருள் நகர்வு தமிழ் 'வேண்டு', தெலுங்கு 'காவாலி', உருது 'சாஹ்னா' ஆகியவற்றில் உள்ளது. இம்மூன்றும் புழங்கும் ஆம்பூர் போன்ற பகுதியின் பேச்சறிவு மொழிபெயர்ப்பாளருக்கு அகராதியினும் பயன்தரும். தாய், சேய், நட்பு நிலைகளில் 'தே கியேரோ' என்பதற்குப் 'பிரியம்', 'பாசம்', 'வேண்டியவர்' ஆகியவற்றின் வழியும், ஈர்ப்பு நிலையில் 'மே குஸ்தாஸ்' என்பதற்குப் 'பிடித்திருக்கிறது' என்பதன் வழியும், 'அமார்' வினைக்குக் 'காதல்', 'அன்பு' என்பவற்றின் வழியும் சூழலுக்கேற்பச் சொல் தேர்தல் தகும். ஒரே பனுவலில் இரு வினைகளும் வருமாயின், தமிழிலும் அவை இரண்டாகவே நிற்றல் வேண்டும்.

1544இல் சேவியர் 'வேணும்' என்னும் சொல்லை விசுவாச அறிக்கையிலிருந்து விலக்கினார். அன்றிலிருந்து தமிழ் மொழிபெயர்ப்பு மரபு அச்சொல்லைத் தேவைக்கும் இறைஞ்சலுக்கும் உரியதாக ஒதுக்கியே வந்துள்ளது. பேச்சுத் தமிழ் அவ்வாறு ஒதுக்கவில்லை. தனக்கு நெருங்கியவரை 'வேண்டியவங்க' என்று அது இன்றும் அழைக்கிறது. ஸ்பானியத்திலிருந்து நேரே தமிழாக்க முனைவோர் முதலில் செவிசாய்க்க வேண்டியது அப்பேச்சிற்கே.